பாசிசத்துக்குச் சனம் ஏன் கைதட்டுது? எதிர்த்தால் என்ன நடக்கும்? (பழைய ஆக்களும் எழுதுங்கோ)

வடலி | திருநெல்வேலி

தரம் 11க்கு வரலாறு படிப்பிக்கிறேன். முசோலினி, ஹிட்லர் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "சேர், அந்தாளுக்கு விசர் என்று வைப்பம், சனத்துக்கு என்ன நடந்தது?" புத்தகத்தில் வேர்சாய் ஒப்பந்தம், பணவீக்கம், வேலையின்மை என்று இருக்கிறது. சரி, இதெல்லாம் காரணம்தான், ஆனால் வேலை இல்லாதவர்கள் எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுப்பதில்லையே.

மற்றது எதிர்த்தவர்களின் கதை. 1924 மே 30ஆம் திகதி மத்தேயோத்தி என்ற சோசலிச உறுப்பினர் இத்தாலியப் பாராளுமன்றத்தில் எழும்பி, நடந்த தேர்தல் முழுக்க அடிதடியும் மிரட்டலும் கள்ளமும் என்று விலாவாரியாகப் பேசினார். முடித்துவிட்டு வந்து, என் செத்தவீட்டுக்குப் பேச்சு எழுதத் தொடங்குங்கள் என்று கூட்டாளிகளிடம் சொன்னதாகச் சொல்வார்கள். ஜூன் 10இல் கடத்தினார்கள், உடல் ஓகஸ்டில்தான் கிடைத்தது. அந்த மனிசன் தெரிந்தே செய்திருக்கிறார். அதால் என்ன பயன் என்று ஒரு பிள்ளை கேட்டது, மணி அடித்ததால் தப்பினேன்.

எங்கள் ஊரில் கண்டதையும் எழுதலாம். உயிரோடு இருக்கிற ஆட்களின் பெயர் மட்டும் வேண்டாம்.

ஒழுங்கை_ராசா | கொக்குவில்

இப்ப எல்லாத்துக்கும் பாசிசம். மனிசி ரீவி ரிமோட்டைத் தராவிட்டாலும் பாசிசம். 1919இல் மிலானில் முசோலினி தொடங்கி 1922இல் ரோமில் ஆட்சிக்கு வந்த ஒரு குறிப்பிட்ட அரசியலுக்குத்தான் அந்தப் பெயர். கொடுமை செய்கிற அரசாங்கம் எல்லாம் பாசிச அரசாங்கம் என்றால் உலகத்தில் மிஞ்சுவது யார்? முதலில் அதைத் தீர்த்துவிட்டுக் கதைப்பம்.

கந்தர்மடம்_அக்கா

ராசா, வரைவிலக்கணத்துக்கு அறிஞர்களே இன்னும் அடிபடுகிறார்கள், நாங்கள் இங்கே தீர்க்கப்போவதில்லை. எனக்குப் போதுமான அடையாளம் இதுதான்: ஒரு காலத்தில் பெருமையாக வாழ்ந்தோம், எங்களை அவமானப்படுத்திவிட்டார்கள், எங்களுக்குள்ளேயே இருக்கிற அழுக்கைக் கழுவினால் திரும்ப எழும்பலாம், அதற்கு ஒரு தலைவர் போதும், கேள்வி கேட்கிறவன் எதிரியின் ஆள். இந்தக் கதை முழுதாக ஒரு சமூகத்துக்குள் ஓடுகிறதென்றால் பெயரை நீங்கள் என்னவென்றாலும் வையுங்கோ.

தம்பி வடலி, பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். 1933இலேயே வில்ஹெல்ம் ரைக் என்ற உளப்பகுப்பாய்வாளர் இதைக் கேட்டுவிட்டார், சனம் ஏமாந்தது என்று சொல்லித் தப்பாதீர்கள், சனம் விரும்பியது, ஏன் விரும்பியது என்று பாருங்கள் என்பது அவருடைய வாதம். அவர் குடும்பத்தையும் பாலியல் அடக்குமுறையையும் காரணமாகச் சொன்னார், அதில் பாதி எனக்கு ஒத்துவராது. 1941இல் இன்னொரு உளப்பகுப்பாய்வாளர் எரிக் ஃபுரொம் சொன்னது கிட்ட வருகிறது. பழைய கட்டுகள் அறுந்த மனிசனுக்குச் சுதந்திரம் கிடைக்கிறது, கூடவே தனிமையும் கிடைக்கிறது, எல்லாவற்றையும் நானே முடிவெடுக்க வேண்டும் என்ற பாரம் தாங்காமல் அதை யாரிடமாவது கொடுத்துவிட ஓடுகிறான். தலைவரிடம் கொடுத்துவிட்டால் நிம்மதி. மேலே இருப்பவனுக்குப் பணிவு, கீழே இருப்பவனுக்கு உதை, இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கும்.

1950இல் அடோர்னோ என்ற மெய்யியலாளரும் கூட்டாளிகளும் இதை அளக்க ஒரு வினாக்கொத்துச் செய்தார்கள். ஆனால் எல்லா வாக்கியமும் ஒரே பக்கமாக எழுதப்பட்டிருந்ததால், எதைக் கேட்டாலும் ஓம் சொல்கிற அப்பாவியும் பாசிஸ்ட் என்று வந்துவிடுவான். (எங்கட ஊரில் அதை வைத்து அளந்தால் கொமிட்டிக் கூட்டங்களில் பாதிப்பேர் தேறுவினம்.) 1980களில் கனடாவின் உளவியலாளர் பொப் ஆல்ட்டமையர் அதைத் திருத்தி மூன்று குணத்தைப் பிரித்தார்: அதிகாரத்துக்கு அடிபணிதல், அதிகாரம் காட்டுகிற ஆள்மேல் பாய்தல், ஊர் வழமையை இறுக்கிப் பிடித்தல். இந்தக் குணம் கொஞ்சம் கொஞ்சம் எல்லாரிடமும் இருக்கிறது. பயம் கூடக் கூட அது கூடும்.

பழைய_சைக்கிள் | சுன்னாகம்

தங்கச்சி எழுதியது சரி, ஆனால் அது மேலே இருந்து பார்த்த மாதிரி இருக்கு. கீழே குந்தியிருந்து பார்த்ததை நான் சொல்கிறேன்.

1987 கடைசியில் இருந்து இந்தியன் ஆமியின் சுற்றிவளைப்பு. விடியமுன் ஒலிபெருக்கியில் கூப்பிட்டு ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாகக் குந்தவைப்பார்கள். ஜீப்புக்குள் சாக்கு மூடின ஆள், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி. ஒவ்வொருத்தராக முன்னால் போக வேண்டும், அந்தத் தலை ஆடினால் ஆள் போச்சு. சாக்குக்குக் கீழே காலும் செருப்பும் தெரியும், அதை வைத்து உள்ளே யார் என்று மட்டுக்கட்டுகிற பழக்கம் எங்கள் எல்லாருக்கும் வந்துவிட்டது. பாட்டா செருப்பில் வார் அறுந்து ஊசி குத்தியிருந்தால் அதுகூட அடையாளம்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவனைப் பிடித்தார்கள். அந்த நிமிசம் எனக்கு வந்தது கோபம் இல்லை, அப்பாடா, நான் இல்லை. அன்றைக்குப் பின்னேரம் சங்கக்கடை வாசலில் நாலு பேர் கூடினோம், ஒருவர் சொன்னார், "ஏதோ செய்திருப்பான், சும்மா பிடிப்பாங்களே?" ஒருத்தரும் மறுத்துக் கதைக்கவில்லை. ஏனென்றால் அந்த வசனம் எல்லாருக்கும் தேவைப்பட்டது. அவன் ஏதோ செய்தவன் என்றால் ஒன்றும் செய்யாத நான் தப்பினேன். அவன் ஒன்றும் செய்யாதவன் என்றால் நாளைக்கு நான். வடலி கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். பயந்தவனுக்குத் தான் பயந்தவன் என்று தெரிய விருப்பமில்லை, ஆகவே பிடித்தவனை நியாயவாதி ஆக்கிவிடுகிறான், நியாயவாதி ஆக்கிய பிறகு கைதட்டத்தானே வேணும்.

இந்தியன் ஆமியோடு மட்டும் இது வரவில்லை. 1986இல் புலிகள் ரெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்தை அழித்தபோது சந்திகளில் உடல் எரிந்ததைக் கண்ட ஆக்கள் இப்பவும் இருக்கிறார்கள். எரித்தவர்களுக்குச் சனம் சோடா உடைத்துக் கொடுத்தது என்று எல்லாரும் சொல்லுவினம். கொடுத்தவர் என்று ஒருவரையும் இந்த வயது வரைக்கும் நான் சந்திக்கவில்லை.

சங்கிலியன்தோப்பு

இந்த இழை எங்கே போய் நிற்கும் என்று தலைப்பைப் பார்த்ததும் தெரியும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1981இல் யாழ்ப்பாண நூலக எரிப்பு, தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் சாம்பல், 1983இல் கொழும்பில் தமிழரைத் தேடி வீடு வீடாக வாக்காளர் பட்டியலோடு வந்தார்கள். பாசிசம் பற்றி எழுத ஆசை என்றால் அங்கே தொடங்குங்கோ. அடிவாங்கின இனம் திருப்பி அடித்ததையும் அடித்த அரசையும் ஒரே தராசில் வைக்கிறது கொழும்பு மேட்டுக்குடிப் பழக்கம். அரசு இல்லாதவனிடம் பாசிசம் இருக்க முடியாது.

கந்தர்மடம்_அக்கா

நீங்கள் போட்ட பட்டியலில் ஒரு வரிகூட நான் வெட்டமாட்டேன். முஸ்லிம்களை அடித்த அளுத்கம 2014, திகன 2018 என்று நானே நீட்டுவேன். ஆனால் உங்கள் கடைசி வசனத்தை ஏற்கமாட்டேன். முசோலினியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் 1922க்கு முதல் அரசு இல்லாமல்தான் தொழிற்சங்க அலுவலகங்களை எரித்தார்கள், ஆட்களுக்கு ஆமணக்கெண்ணெய் பருக்கினார்கள்.

எனக்குப் பெயர் முக்கியமில்லை, இயக்கத்துக்கு, அதாவது புலிகளுக்கு, அந்தப் பெயரை நான் வைக்கவும் இல்லை. ஆனால் 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். முஸ்லிம்கள் இருந்த சோனகத்தெரு ஒரே பின்னேரத்தில் வெறுமையானது. வடக்கு முழுக்க எழுபதாயிரத்துக்கும் மேல். நாங்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றோம், அழுத ஆக்களும் உண்டு, ஆனால் ஏன் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? எதிரி கற்பனை என்றால் எதிர்த்துக் கேட்பது லேசு. எதிரி உண்மையாகவே வாசலில் ஷெல் அடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் உள்ளுக்குள் கேள்வி கேட்க முடியாமல் போகிறது, ஏனென்றால் "இப்ப இது நேரமா" என்று கேட்கிறவனிடம் நியாயம் இருக்கிறது. ஜேர்மனிக்காரனுக்கு யூதர் என்ற ஆபத்தைக் கட்டிவிட வேண்டியிருந்தது. எங்களுக்கு ஆபத்து றெடிமேட்.

சங்கிலியன்தோப்பு

அப்ப நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், ஆபத்து உண்மை என்று.

கந்தர்மடம்_அக்கா

ஓம். அதனால்தான் சொல்கிறேன்.

வடலி | திருநெல்வேலி

சண்டை வேண்டாம், இரண்டு பேரும் இருங்கோ. எதிர்ப்பதன் விலைக்கு வருவோம். எனக்கு ஒரு கணக்கு மண்டைக்குள் நிற்கிறது. 1931இல் இத்தாலிப் பேராசிரியர்கள் எல்லாரும் பாசிச ஆட்சிக்கு விசுவாசம் என்று சத்தியம் எடுக்க வேண்டும் என்றார்கள். கிட்டத்தட்ட 1200 பேர். மறுத்தவர்கள் 12. மற்றவர்களில் பாசிஸ்ட் அல்லாதவர்கள்தான் கனபேர். மனதுக்குள் ஒரு ஒதுக்கம் வைத்துக்கொண்டு சத்தியம் எடுக்கலாம் என்று பாப்பரசர் பக்கம் வழி சொன்னது, உள்ளே இருந்து வேலை செய்வோம் என்று கொம்யூனிஸ்ட் கட்சியும் தன் ஆட்களுக்குச் சொன்னது. மறுத்தவர்கள் கதிரையை இழந்தார்கள். அந்த இடத்தில் நான் என்றால் 1188 பேருக்குள்தான் நின்றிருப்பேன், சம்பளக் கடன் இருக்கு.

ஒழுங்கை_ராசா | கொக்குவில்

சரி, நான் பகிடிக்கு வந்தேன், இப்ப உண்மையாக எழுதுகிறேன். 1942 ஜூலையில் போலந்தின் யோசெஃபூவ் என்ற ஊரில் ஜேர்மனியின் 101ஆம் ரிசர்வ் பொலிஸ் பட்டாலியன். ஹம்பர்க்கில் இருந்து வந்த நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள், ஐந்நூறு பேரளவில். யூதர்களைச் சுட வேண்டும் என்று கட்டளை, பெண்கள் பிள்ளைகள் உட்பட. கொமாண்டர் கண் கலங்கி, ஏலாது என்கிற மூத்த ஆட்கள் விலகலாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். விலகினவர்கள் ஒரு டசின் அளவில்தான். விலகினவர்களை ஒருத்தரும் சுடவில்லை, மறியலிலும் போடவில்லை. கோழை என்று நக்கலடித்தார்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் அன்று 1500 பேரளவில் கொன்றார்கள், சகபாடிகள் முன்னால் வெட்கப்படப் பயந்து.

இதை வாசித்த நாளில் இருந்து "என்ன செய்வது, மறுத்தால் சுட்டிருப்பாங்கள்" என்ற கதையை யார் சொன்னாலும் நான் ஒருக்கா நிறுத்திக் கேட்பேன், உண்மையிலேயே சுட்டிருப்பாங்களா? சில இடத்தில் ஓம். பல இடத்தில் மறுத்தால் கிடைத்திருப்பது ஒரு இளிப்பும் வேலையில் ஒரு இடமாற்றமும்தான்.

பழைய_சைக்கிள் | சுன்னாகம்

ராசா, எங்கட இடம் சுட்ட இடம். அதை மறக்காதை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகமவை, 1989 செப்ரெம்பர் 21, சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது திருநெல்வேலியில் சுட்டார்கள். 35 வயது, இரண்டு பெண் பிள்ளைகள். அவர் அரசையும் இந்தியப் படையையும் இயக்கங்களையும் ஒன்றையும் விடாமல் பதிந்தவர். பதினொரு வருசம் கழித்து, 2000 ஒக்ரோபர் 19, ஊரடங்கு நேரம், சுற்றிவர ஆமிக் காவலரண், நிமலராஜனை அவருடைய வீட்டுக்குள்ளேயே கொன்றார்கள், தேர்தல் மோசடி பற்றி எழுதின பத்திரிகையாளர். எந்தப் பக்கத்தின் காலமாக இருந்தாலும் இங்கே விலை அதுதான்.

வடலி, சாவு மட்டும் விலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதை. அதற்கு முதல் வருவது, ஆக்கள் உன்னைக் கண்டு சைக்கிளைத் திருப்புவார்கள். தங்கச்சிக்குப் பேசின கலியாணம் குழம்பும். அம்மா கோயிலுக்குப் போனால் பக்கத்தில் இருந்தவள் தள்ளி இருப்பாள். நீ எடுத்த முடிவுக்கு அம்மா வரி கட்டுவா. என்னுடைய கூட்டாளிகள் வாயை மூடினது துவக்குக்குப் பயந்து இல்லை, அம்மாவின் முகத்துக்குப் பயந்து.

ரொறன்ரோ_காகம்

இதை வாசிக்க மனம் பாரமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், இப்போது போர் முடிந்து இவ்வளவு காலமாகிவிட்டது, இப்பவாவது எல்லாரும் வெளிப்படையாகப் பேசலாமே?

பழைய_சைக்கிள் | சுன்னாகம்

அங்கே இருந்து சொல்ல லேசு, தம்பி.

ரொறன்ரோ_காகம்

அண்ணை, லேசு என்று நினைக்க வேண்டாம். முந்தி இங்கே ஒரு கூட்டத்தில் எழும்பிக் காசுக் கணக்குக் கேட்டதால், என் பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு மண்டபத்தில் அரைவாசிக் கதிரை காலி. கனடாவில் என்னைச் சுட யாரும் வரவில்லை, சரி. ஆனால் பனி கொட்டுகிற ஊரில் கதைக்கிற ஒரே சனம் கதைக்காமல் விட்டால் அது என்ன என்று அனுபவித்தவனுக்குத் தெரியும்.

பழைய_சைக்கிள் | சுன்னாகம்

அது தெரியாது எனக்கு. சரி, குறை நினைக்காதை.

மல்லாகம்_மணி

நான் எழுதுவது சின்னக் கதை. 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு நான் இருந்த பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் முஸ்லிம் கடையில் வாங்காதீர்கள், கொத்துரொட்டியில் பிள்ளை பிறக்காமல் செய்கிற மருந்து, உடுப்பில் மருந்து என்று ஒரே பகிர்வு. அனுப்பினவர்களில் டொக்டர் உண்டு, எஞ்சினியர் உண்டு. மருந்து என்று சொல்கிறீர்களே, எந்த மருந்து, எப்படி வேலை செய்யும் என்று டொக்டரையே கேட்டேன். பதில் இல்லை. ஒரு மணித்தியாலத்தில் குழுவின் ஒற்றுமைக்காக என்று சொல்லி என்னை நீக்கினார்கள். பிறகு ஒவ்வொருத்தராகத் தனியாகச் செய்தி: "மச்சான், நீ சொன்னது சரிதான், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்." ஏழெட்டுப் பேர்! குழுவில் ஒருத்தன் ஒரு கட்டைவிரல் அடையாளமாவது போட்டிருந்தால்...

கந்தர்மடம்_அக்கா

மணி, அந்தக் கட்டைவிரலுக்கு ஆராய்ச்சியே இருக்கிறது. 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி மில்கிரம் செய்த பரிசோதனை தெரியும்தானே, அடுத்த அறையில் இருக்கிறவனுக்கு மின் அதிர்ச்சி கொடு என்று சொல்வார்கள் (உண்மையில் மின்சாரம் இல்லை, கத்துகிறவர் நடிக்கிறார்). 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். அதை மட்டும்தான் எல்லாரும் சொல்வார்கள், மனிசன் மிருகம் என்று முடிப்பார்கள். அவர் செய்த இன்னொரு வடிவத்தில், கூட இருக்கிற இரண்டு பேர் நடுவிலேயே ஏலாது என்று எழும்பி விடுவார்கள். அப்போது கடைசி வரை போனது 40க்கு 4. ஆட்கள் அதே மாதிரியான ஆட்கள், அறையும் மேசையும் அதே மாதிரி. பக்கத்தில் இரண்டு பேர் எழும்பினதுதான் வித்தியாசம்.

அதனால் தனியாக எழும்பி வீரம் காட்டச் சொல்லி நான் ஒரு பிள்ளைக்கும் சொல்லமாட்டேன். பெர்லினில் ஒட்டோ ஹம்பெல், எலீஸ் ஹம்பெல் என்று ஒரு தொழிலாளிக் குடும்பம். எலீஸின் சகோதரன் போரில் செத்த பிறகு, ஹிட்லருக்கு எதிராகத் தபால் அட்டையில் கையால் எழுதி மாடிப்படிகளில் வைத்துவிட்டு வருவார்கள், 200க்கு மேல். எடுத்த சனம் அனேகமாக எல்லாவற்றையும் கெஸ்ராப்போ என்ற ஹிட்லரின் இரகசியப் பொலிஸிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. 1943 ஏப்ரலில் இரண்டு பேர் தலையையும் வெட்டினார்கள். அவர்களை நான் கும்பிடுகிறேன், ஆனால் அந்த அட்டையை எடுத்த ஒவ்வொரு ஆளும் படியில் தனியாக நின்றான், அதுதான் பிழையாய்ப் போனது.

சங்கிலியன்தோப்பு

தனியாக எழும்புவதில் இன்னொரு வில்லங்கம் இருக்கு, அதை ஒருத்தரும் எழுதவில்லை. நீங்கள் உள்ளே விமர்சிப்பதை வெளியே இருக்கிற பெரியவன் தூக்கிக்கொண்டு போவான். இயக்கத்தை விமர்சித்தவர்களின் எழுத்தை அரசாங்கம் தன் குற்றத்தை மறைக்கப் பாவித்ததா இல்லையா? சில பேர் விமர்சிக்கத் தொடங்கி, பிறகு பாதுகாப்புக்கென்று ஆமி முகாமுக்குப் பக்கத்தில் போய், கடைசியில் அவங்களோடே நின்றார்களா இல்லையா? எதிர்க்கிற ஆள் எதிரியின் ஆள் என்பது பொய். ஆனால் எதிர்க்கிற ஆளைத் தனிமைப்படுத்தினால் அவன் போக வேறு இடம் இருக்காது, பொய் உண்மையாகிவிடும்.

கந்தர்மடம்_அக்கா

இந்த இழையில் எழுதியதில் இதுதான் நல்ல பதிவு, கோபத்தோடு எழுதினாலும். ராஜினியும் கூட்டாளிகளும் எல்லாப் பக்கத்தையும் பதிந்ததற்குக் காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன், ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் மறுபக்கம் சுவீகரித்துவிடும். அதற்கு இரண்டு பக்கத்தாலும் அடி விழும். அதோடு எதிர்க்கிறவர்களுக்குள்ளும் அதே புத்தி வரும், நாங்கள் மட்டும் சுத்தம், சந்தேகப்படுகிறவன் ஒற்றன் என்று.

வெளிநடப்பும் ஒரு வில்லங்கம். மத்தேயோத்தியைக் கொன்ற பிறகு முசோலினி ஆட்டம் கண்டிருந்தார். எதிர்க்கட்சிகள் பாராளுமன்றத்தைப் பகிஷ்கரித்து வெளியே போய் அரசன் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தன. அரசன் ஒன்றும் செய்யவில்லை. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி சபையில் எழும்பி, நடந்தது எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு, ஏலுமென்றால் செய்யுங்கோ என்ற மாதிரிப் பேசினார். பிறகு முழுச் சர்வாதிகாரம்தான்.

வடலி | திருநெல்வேலி

எல்லாமே தோற்ற கதையாக இருக்கே அக்கா. பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

கந்தர்மடம்_அக்கா

நோர்வே ஆசிரியர்களைச் சொல்லு. 1942இல் ஹிட்லரின் ஆளாக இருந்த குவிஸ்லிங், ஆசிரியர்கள் எல்லாரும் தன் புதிய சங்கத்தில் சேர வேண்டும், பிள்ளைகளுக்குப் பாசிச இளைஞர் அமைப்பு கட்டாயம் என்றார். ஆசிரியர்கள் ஒரே வாசகத்தை எழுதி, ஆளுக்கொரு கடிதமாகத் தங்கள் பெயரோடு அனுப்பினார்கள், பெரும்பான்மையான ஆசிரியர்கள். பிறகு பெற்றோரின் கடிதங்களும் குவிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பிடித்தார்கள், சில நூறு பேரை வடக்கே கிர்கெனெஸுக்குக் கொண்டுபோய் ஜேர்மன் ஆமிக்குக் கூலி வேலை செய்யவைத்தார்கள். வெளியே இருந்தவர்கள் அவர்களின் குடும்பத்துக்குக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். கடைசியில் குவிஸ்லிங் திட்டத்தைக் கைவிட்டார்.

அந்தக் காசு சேர்த்த பகுதியை விட்டுவிடாதை. சைக்கிள் அண்ணை எழுதின அம்மாவுக்கான பதில் அதில்தான் இருக்கு.

ஒழுங்கை_ராசா | கொக்குவில்

நோர்வே தரம் 11 பாடத்திட்டத்தில் இல்லை. ஒரு தகப்பன் வந்து சோதினைக்கு வராததை ஏன் படிப்பிக்கிறீர்கள் என்று அதிபரிடம் நிற்பார், பார்.

வடலி | திருநெல்வேலி

அது தெரியும். மற்ற வகுப்புக்குப் படிப்பிக்கிற ரீச்சரோடு கதைத்துவிட்டேன், இரண்டு வகுப்பிலும் ஒரே கிழமையில் எடுக்கப் போகிறோம்.